இறக்க வேண்டியது ஒன்று

பயணத் திட்டத்தில் ஒரு நிறுத்தம் அதிகமாக இருந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த தாளை மூன்றாவது தடவையாகப் பார்த்தபோதுதான் அது அவள் கண்ணில் பட்டது. வியாழக்கிழமை சாயங்காலம், அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கிளம்பி, எண்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பக்கத்து நகரத்துக்குப் போய், புதிதாகத் திறந்திருக்கும் மீன் காட்சியகத்தை மகளுக்குக் காட்டிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு வந்து சேர வேண்டும். ஏழு வரியில் முடிய வேண்டிய சமாசாரம். தாளில் எட்டு வரி இருந்தது.

“11.25. நாற்பத்தொன்றாவது கிலோமீட்டர் கல், வெள்ளை வீடு. பெறுபவர்: பெரியம்மா. இறக்க வேண்டியது: 1. நேரம்: 15 நிமிடம்.”

யார் வேலை இது என்று யோசிக்கத் தேவையே இல்லை. அவளுடைய வேலைதான். தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

பார்சல் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடமாக அவள் வண்டிகளுக்குப் பயணத் திட்டம் போடுகிறாள். எந்த வண்டி எந்த வழியாகப் போக வேண்டும், எங்கே எதை இறக்க வேண்டும், எதை ஏற்ற வேண்டும், எத்தனை நிமிடம் நிற்கலாம் என்பதெல்லாம் அவள் கணினியில்தான் முடிவாகும். மேலே இருப்பவர்கள் நிமிடங்களைப் பிழிந்து எடுப்பவர்கள். டிரைவர்கள் ஒதுங்கக்கூட நேரமில்லாமல் ஓடுவதைப் பார்த்து வயிறெரிந்துதான், வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம் அவள் ஒரு திருட்டுத்தனம் செய்தாள். தன் ஊருக்கும் அந்தப் பக்கத்து நகரத்துக்கும் நடுவில் இல்லாத ஒரு வீட்டை உண்டாக்கி, அதில் இல்லாத ஒரு மனுஷியைக் குடிவைத்து, தினம் ஒரு பார்சல் அவளுக்குப் போவதாகத் திட்டத்தில் சேர்த்துவிட்டாள். பதினைந்து நிமிடம். டிரைவர் எங்காவது வண்டியை ஓரங்கட்டி, டீ குடித்து, முதுகை நிமிர்த்திவிட்டு, ‘கொடுத்தாச்சு’ என்று குறித்துக்கொள்ளட்டும் என்று. பெயருக்கு எங்கே போவது? பெரியம்மா என்று போட்டாள். அவளுடைய அம்மாதான் பிறந்த வீட்டில் மூத்தவள், அப்பாவுக்கு அண்ணன் கிடையாது, அவளோ ஒற்றைப் பெண், கட்டிக்கொண்டவரும் ஒரே பிள்ளை. எந்தப் பக்கம் தேடினாலும் பெரியம்மா என்று ஒருத்தி கிடைக்கமாட்டாள். பத்து வருடமாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. தன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான் என்று அவளுக்கு ரகசியமாக ஒரு பெருமைகூட உண்டு.

வீட்டுப் பயணத்துக்கும் லாரிக்குப் போடுகிற மாதிரியே தாள் வேண்டும் என்று மகள் அடம்பிடித்ததால், புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கணினியிலேயே அதைத் தயார் செய்தாள். ஓட்டுநர்: அப்பா. பொறுப்பாளர்: அம்மா. சரக்கு: 1, வாண்டு. உடையக்கூடியது, கவனமாகக் கையாளவும். ஒன்பது வயது வாண்டு அந்த வரியைப் படித்துப் படித்துச் சிரித்து ஓய்ந்துபோனாள். நடுவழி நிறுத்தத்தைப் பழக்கதோஷத்தில் விரல்களே அடித்துவிட்டிருக்க வேண்டும்.

அவள் பேனாவை எடுத்து அந்த அதிகப்படி வரியை அடித்தாள். சாப்பாட்டு மேசையில் மீன் வரைந்துகொண்டிருந்த வாண்டு தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“அதை ஏம்மா அடிக்கற? அவங்க போன் பண்ணாங்களே.”

“யாரு?”

“பெரியம்மா. நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. சனிக்கிழமை வர்றீங்கல்லன்னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன்.” வாண்டு மறுபடி குனிந்து மீனுக்குச் செதில் போட ஆரம்பித்தாள். “அப்புறம் என்னோட உயரம் கேட்டாங்க. வெயிட்டும் கேட்டாங்க. ஸ்கூல்ல அளந்தது ஞாபகம் இருந்துச்சு, சொல்லிட்டேன்.”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. தீய்ந்த வாடை சமையலறையெல்லாம் பரவி, அவள் அடுப்பை அணைத்து, துணியால் துடைத்து, ஜன்னலைத் திறந்துவைத்த பிறகும் போகாமல் திரைச்சீலையில் ஒட்டிக்கொண்டு நின்றது.

ஏழு மணிக்கு வீட்டுக்காரர் வந்தார். லிஃப்ட் மெக்கானிக். யாராவது எங்காவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிற பிழைப்பு. இரண்டு வருடத்தில் முதல் முறையாக இந்தச் சனிக்கிழமை அவருக்கு விடுமுறை கிடைத்திருக்கிறது. விஷயத்தைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். ஆபீசில் யாரோ அவள் குட்டை உடைத்துவிட்டார்கள், இப்போது அவளை வைத்து விளையாடுகிறார்கள், அவ்வளவுதான் என்றார். அவளும் அதையே நம்ப ஆசைப்பட்டாள்.

சாப்பிட்டு முடித்து மேசையைத் துடைக்கும்போது போன் அடித்தது. அவள்தான் எடுத்தாள். முதலில் பேச்சுக் குரல் வரவில்லை. அட்டைப்பெட்டியில் ஒட்டுகிற பிளாஸ்டிக் டேப்பை, உருளையிலிருந்து யாரோ மெதுவாக, நீளமாக, விடாமல் இழுக்கிற ஓசை மட்டும் கேட்டது. நாள் முழுக்க ஆபீசில் கேட்கிற ஓசைதான். ஆனால் ஆபீசில் ஒரு பெட்டி நீளத்துக்கு இழுத்து அறுப்பார்கள். இது அறுபடவே இல்லை.

“கன்ஃபர்ம் பண்ணத்தாம்மா கூப்பிட்டேன்,” என்றது ஒரு வயதான குரல். நல்ல குரல். தலையைத் தடவிக்கொடுக்கிற மாதிரி ஒரு பரிவு. “எத்தனை வருஷமா அனுப்பறீங்க. உங்க குரலை இன்னிக்குத்தான் கேக்கறேன்.”

யார் என்று அவள் கேட்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஆபீசுக்குப் போனதும் அவள் மீசையைத் தேடினாள். அந்த வழியில் பத்து வருடமாக வண்டி ஓட்டுகிற மூத்த டிரைவர். மீசையை எடுத்து ஏழெட்டு வருடம் ஆகியும் பெயர் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. கிடங்கு வாசலில் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். டீசல் புகையும் பழைய அட்டையின் வாடையும் கலந்து அடித்தது. நாற்பத்தொன்றாவது கல் பக்கத்தில் பதினைந்து நிமிடம் எந்தக் கடையில் டீ குடிப்பீர்கள் என்று சாதாரணமாகத்தான் விசாரித்தாள்.

“டீயா? அதுக்கெல்லாம் நேரம் ஏதும்மா?” என்றார் மீசை. “வெள்ளை வீட்டுல இறக்கிக் கையெழுத்து வாங்கவே பதினஞ்சு நிமிஷம் சரியாப் போயிடுது.”

“எதை இறக்குவீங்கண்ணே?”

“தாள்ல ஒண்ணுன்னு போட்டிருக்கும். பின்கதவைத் தொறந்தா ஒண்ணு இருக்கும்.” அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “நல்ல மனுஷிம்மா அவங்க. ஆரம்பத்துல பெட்டி லேசாத்தான் இருந்துச்சு. இப்பக் கொஞ்ச நாளா என்னாலயே தூக்க முடியல. தொட்டா வெதுவெதுன்னு வேற இருக்கு. யாரு இதெல்லாம் அனுப்பறதுன்னு அந்தம்மா எப்பவும் உங்களைத்தான் விசாரிப்பாங்க. உங்க பேரைச் சொல்லியிருக்கேன். வீட்டு போன் நம்பர் கேட்டாங்க, குடுத்தேன். ஒரே ஒரு பொண்ணுன்னும் சொன்னேன். தப்பா?”

தப்பில்லை என்று சொல்லிவிட்டு அவள் தன் இடத்துக்கு வந்தாள். பழைய கணக்குகளைத் திறந்தாள். கிடங்கில் ஏற்றியது நாற்பத்தாறு, வழியில் இறக்கியது நாற்பத்தேழு. மறுநாள் ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று. பத்து வருடமாகத் தினமும் ஒன்று அதிகம். ஒன்று குறைந்தால் ஊரே கத்தும். ஒன்று கூடினால் யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் யாரும் பார்க்கவே இல்லை. அவளும்தான் பார்க்கவில்லை.

அப்புறம் தன் வீட்டுப் பயணத் தாளைத் திறந்தாள். அதைச் சுற்றிப் பச்சைக் கட்டம் விழுந்திருந்தது. பெறுபவர் உறுதி செய்துவிட்டார் என்று அர்த்தம். அதற்கு மேல் யாராலும் தாளை அழிக்க முடியாது, மேலதிகாரியாலும் முடியாது. இறக்க வேண்டியது: 1. அதற்கு நேராகச் சரக்கின் விவரம் தானாக வந்து உட்கார்ந்திருந்தது. வாண்டு. உடையக்கூடியது.

பெரியம்மாவுக்கு என்று வாயில் வந்த எண்களை வைத்து, அந்த வீட்டை உண்டாக்கிய அன்றைக்கே அவள் ஒரு போன் நம்பர் போட்டிருந்தாள். முதல் முறையாக அதைச் சுழற்றினாள். முதல் மணியிலேயே எடுத்தார்கள். அதே டேப் ஓசை. பயணம் ரத்து, நாங்கள் வரவில்லை என்று அவள் சொன்னாள். ஆபீஸ் குரலில் சொல்லத்தான் பார்த்தாள், பாதியில் குரல் உடைந்துவிட்டது.

“அதனால என்னம்மா,” என்றது அந்தப் பரிவான குரல். “வண்டி வரலன்னா நாங்களே வந்து எடுத்துக்கறோம். ஸ்கூல் நாலு மணிக்கு விடும்னு குழந்தை சொல்லுச்சு.”

சுவர்க் கடிகாரம் மூன்றே காலைக் காட்டியது. காலையில் வந்து உட்கார்ந்தது பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் என்று அவளுக்குத் தோன்றியது. ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய்ந்திருந்தது. பக்கத்து மேசைக்காரர் பையை எடுத்து வைக்க ஆரம்பித்திருந்தார்.

“குழந்தை வேண்டாம்,” என்றாள் அவள். “உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். வேற எது வேணும்னாலும்.”

“வேறன்னா?”

“நான் வரேன்.”

டேப் ஓசை நின்றது. அந்த நிசப்தத்தில், போனின் அந்தப் பக்கம் ஒரு ஆள் இல்லை, நிறையப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது.

“எழுதி அனுப்புங்க,” என்றது குரல்.

மாற்றுச் சரக்கு என்ற கட்டத்தைத் திறந்து தன் பெயரை அடித்தாள். இரண்டு முறை தப்பாக விழுந்தது. அனுப்பப் போனால் கணினி ஏற்கவில்லை. சிவப்பு. சரக்காக இருந்தவரை வாண்டு ஆள் கணக்கில் வரவில்லை, இப்போது வருகிறாள்: கிளம்பும் ஆட்கள் மூன்று, திரும்பும் ஆட்கள் இரண்டு, எண்ணிக்கை இடிக்கிறது. மணி மூன்று இருபத்தெட்டு. இந்தச் சிவப்பை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். ஆயிரம் தடவையும் ஒரே வைத்தியம்தான். யோசிக்கவில்லை. அதே நிறுத்தத்தில் ‘ஏற்ற வேண்டியது’ என்ற கட்டத்தில் ஒன்று என்று போட்டாள். மூன்றும் மூன்றும் சரியாகிவிட்டது. சிவப்பு பச்சையானது. அனுப்பினாள்.

பள்ளிக்கூட வாசலில் வாண்டு பையைத் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடிவந்தபோது அவள் மகளைக் கட்டிப்பிடித்து அழுதாள். மூச்சு முட்டுதும்மா என்று வாண்டு நெளிந்தாள்.

வீட்டுக்காரரிடம் சொல்லலாமா என்று சாயங்காலம் முழுக்க நினைத்தாள். சொன்னால் நம்பமாட்டார். நம்பினாலோ, போகவே விடமாட்டார். போகாவிட்டால் அவர்கள் வந்து வாண்டுவை எடுத்துக்கொள்வார்கள். அதனால் சொல்லவில்லை. காய்ச்சல் மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது, எத்தனை மில்லி கொடுக்க வேண்டும், எந்தச் சட்டையின் காலர் வாண்டுவுக்கு அரிக்கும் என்பதையெல்லாம் பேச்சோடு பேச்சாக அவரிடம் சொல்லிவைத்தாள். ஒரு நாள் பயணத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று அவர் கேலி செய்தார். இந்த மனிதருக்கு வாண்டுவின் தலையைச் சரியாகப் பின்னிவிடக்கூடத் தெரியாதே என்ற ஒரே கவலை அவளுக்கு இரவு முழுக்க. செத்துப்போகப் போகிறோம் என்பதுகூட அதற்கு அடுத்துத்தான் நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை நல்ல வெயில். பத்தரைக்குக் கிளம்பினார்கள். வாண்டு பின்சீட்டில் உட்கார்ந்து, சுறாவுக்கு எத்தனை வரிசைப் பல், ஒரு பல் விழுந்தால் எத்தனை நாளில் முளைக்கும் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்தக் குரலை அவள் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டாள். கார் சீட்டின் சூடான வாடை, பிஸ்கட் பொட்டலத்தின் மொறமொறப்பு, கண்ணாடியில் வந்து மோதும் வெயில், எதிரே வரும் வண்டிகளின் உஸ், எல்லாவற்றையும் கையில் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்த்தாள். முப்பத்தெட்டாவது கல் போனது. முப்பத்தொன்பது. நாற்பது. சாலையில் எதிர் வண்டிகள் வருவது நின்றுபோனது.

ஆபீஸ் பார்சல் ஒன்றுக்குக் கையெழுத்து வாங்க வேண்டும், ஓரமாக நிறுத்துங்கள் என்றாள். இன்றைக்குமா என்று முனகிக்கொண்டே அவர் நிறுத்தினார்.

வெள்ளை வீடு. ஒரு கதவு, இரண்டு ஜன்னல். பத்து வருடத்துக்கு முன்னால் அவள் மனதில் எப்படி நினைத்தாளோ அப்படியே. அவள் நினைக்க மறந்தவை மட்டும் அதில் இல்லை. புகைபோக்கி இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, மின்கம்பி இல்லை, வாசலில் ஒரு காலடித் தடம் இல்லை.

அவள் காரின் பின்கதவைத் திறந்து வாண்டுவின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். “அம்மா வர்றதுக்கு லேட்டானா நீங்க போயிட்டே இருங்க,” என்றாள்.

“சீக்கிரம் வாம்மா. சுறாவுக்கு ரெண்டு மணிக்குச் சாப்பாடு போடுவாங்க.”

நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது.

உள்ளே ஈர அட்டையின் வாடை மூக்கில் அறைந்தது. தரையிலிருந்து கூரை வரை பெட்டிகள். எல்லாவற்றிலும் அவள் அடித்த முகவரிச் சீட்டு. சுவரோரம் இருந்தவை தீப்பெட்டி அளவுக்குச் சின்னவை. வர வரப் பெரியவை. நடுக்கூடத்தில் கடைசியாக வந்தது, ஒரு ஆள் நீளத்துக்கு. எல்லாம் திறந்திருந்தன. எல்லாம் காலி. வெளியிலிருந்து கிழித்த மாதிரி இல்லை. கிழிசல்கள் வெளிப்பக்கமாக மடங்கியிருந்தன.

ஒரு ஓரத்தில் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் டேப் உருளை. முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று உடம்பு சொன்னது.

“வந்துட்டீங்களா,” என்றது குரல். “அப்படியே நில்லுங்கம்மா. ரொம்ப நேரம் ஆகாது.”

நின்றாள். கணுக்காலுக்கு அருகில் டேப் இழுபட ஆரம்பித்தது. குளிர்ந்த விரல்கள். நிறைய விரல்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டாள். வாண்டு பிழைத்தாள். அது போதும்.

“உங்க தாள் எப்பவும் சுத்தமா இருக்கும்,” என்றாள் பெரியம்மா. “இறக்க ஒண்ணு. ஏத்த ஒண்ணு.”

அவள் கண்ணைத் திறந்தாள்.

ஏற்ற.

“ஏத்த வேண்டியது அப்பவே வெளியே போயாச்சும்மா.”

கால் அசையவில்லை. கழுத்து மட்டும் திரும்பியது. ஜன்னல். வெயில். கார்.

முன்சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய நீலச் சட்டை. அவளுடைய கொண்டை. சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் ஏதோ கேலியாகச் சொல்லிவிட்டுச் சாவியைத் திருகினார். அவர் பக்கத்தில் பார்க்கவே இல்லை. வாண்டு பின்னாலிருந்து எட்டி, அம்மா தோளைத் தொட்டு, என்னவோ கேட்டாள்.

முன்சீட்டில் இருந்தது திரும்பியது. தோள் திரும்பவில்லை. தலை மட்டும். முழுதாக.

வாண்டுவின் வாய் பாதிப் பேச்சில் நின்றது.

வீட்டுக்குள் அவள் கத்தினாள். டேப் வாய்க்கு வந்துவிட்டது. சத்தம் வெளியே போகவில்லை.

கார் நகர்ந்தது. வாண்டு சீட்டின் மேல் ஏறிப் பின்கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு உள்ளங்கையும் கண்ணாடியில் வெள்ளையாக அழுந்தியிருந்தன. வாய் அகலத் திறந்திருந்தது. கண் இந்த ஜன்னலைத்தான் பார்த்தது. வாண்டுவுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா இங்கே.

முன்சீட்டிலிருந்து ஒரு கை பின்னால் நீண்டது. ஒரு கை நீள வேண்டிய அளவைத் தாண்டியும் நீண்டது. கண்ணாடியிலிருந்து வாண்டுவின் விரல்களை ஒவ்வொன்றாக, உடைந்துவிடக் கூடாது என்ற கவனத்தோடு, பிரித்து எடுக்க ஆரம்பித்தது.